விலகுபவருக்கு ஓர் அடி

செவல்குளம் என்ற ஊரில், ஆகாதவரை விட்டு விலகிப் போகிறவர்களின் முதுகில் அடி விழத் தொடங்கியது ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றே முக்கால் மணிக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அந்த அடிக்கு வழிசெய்த சந்தனமாரி, அச்சகத்தின் பைண்டிங் கொட்டகையில் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டு மணிச் சங்குக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் தன் தீர்ப்பைச் சொன்னாள்.

சிவகாசியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற செவல்குளத்தில் மழை பெய்யாது, ஆனால் மழைப் படம் அச்சாகும். கடல் கிடையாது, ஆனால் கடலைக் கண்ணால் பார்த்தறியாத பெண்கள் கடல் படம் போட்ட காலண்டர்களை லட்சக்கணக்கில் அடுக்கித் தைத்து அனுப்புவார்கள். அந்த ஊரின் ஒரே பெரிய அச்சகத்துக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து ஒரு புத்தக வேலை வந்தது. முந்நூற்றுச் சொச்சம் பக்கம், பக்கத்துக்குப் பக்கம் பூதமும் வாளும் கோட்டையுமாக, ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷத்தை வாயாலேயே கட்டிக்கொண்டு, ஒருத்தி கதையை நடத்த மற்றவர்கள் அந்தக் கதைக்குள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாக நடந்து, சண்டை வந்தால் யார் அடி யார் மேல் விழும் என்பதை எண் எடுத்துத் தீர்மானிக்கிற விளையாட்டு. மூவாயிரம் பிரதிகள் கப்பலேறிப் போயின. நிறம் விலகி அச்சான கழிவுத் தாள்கள் மட்டும் கொட்டகை மூலையில் கிடந்தன.

அந்தக் கழிவிலிருந்துதான் நாலு பெண்கள் தங்களுக்கென்று ஒரு புத்தகம் தைத்துக்கொண்டார்கள். அதில் எல்லாப் பூதத்துக்கும் இரண்டிரண்டு உருவக்கோடு இருக்கும். எல்லா வாளும் உறையை விட்டு அரை அங்குலம் தள்ளி நிற்கும். அஞ்சல்வழியில் ஆங்கிலம் படித்துவிட்டு அச்சின் நிறம் சரிபார்க்கிற வேலையில் இருந்த எஸ்தர், வரிவரியாகத் தமிழில் சொல்லிக் கதையை நடத்தினாள். ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு பேசுகிற ஐம்பது வயசுக் குருவம்மாள் களவாணி வேஷம் கட்டினாள். நாற்பது கிலோ எடைகூட இல்லாத ஜெயக்கொடி, ஏழடி உயர வாள்காரியானாள். சந்தனமாரிக்கு மந்திரக்காரி வேஷம். ஆனால் அவளுடைய உண்மையான வேலை வேறு. விதியை வாசித்து இப்படித்தான் என்று தீர்ப்புச் சொல்வது. இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? தினக்காலண்டரில் ஒன்றிலிருந்து இருபது வரை கிழித்து, காலிப் பசை டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். நல்ல நாள் கெட்ட நாள், ராகுகாலம் எமகண்டம் எல்லாம் அந்தத் தாளிலேயே இருந்தது கூடுதல் வசதி.

அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. சந்தனமாரி விதியை வாசித்து, இரும்பு ஸ்கேலால் மேசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டால், அந்தத் தீர்ப்பைத் திருப்ப முடியாது. அழுதாலும் முடியாது, பூதம் தின்றுவிட்டாலும் முடியாது. மேற்கொண்டு படிக்கலாம், புதிதாக ஒன்று கிடைத்தால் சேர்க்கலாம், அவ்வளவுதான். புத்தகம் வாய் திறக்காத இடத்தில் சந்தனமாரியின் வாய்தான் புத்தகம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வழக்கு மூன்று மதியமாக இழுத்துக்கொண்டிருந்தது. வாள்காரி பூதத்தோடு மல்லுக்கு நிற்கிறாள். பக்கத்துக் கிணற்றில் ஒரு குழந்தை விழப்போகிறது. பூதத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிணற்றுக்கு ஓடுகிறேன் என்றாள் ஜெயக்கொடி. ஓடு, ஆனால் முதுகைக் காட்டினால் பூதம் ஓர் அடி போடும் என்றாள் எஸ்தர்.

"இதென்னக்கா அநியாயம்? சண்டையே வேண்டாம்னு போறவள எதுக்கு அடிக்கணும்?"

"பூதத்துக்கு உன் நியாயம் தெரியுமா?" என்றாள் குருவம்மாள். "எம் மாமியா தெரிஞ்சுக்கிட்டாளா?"

சந்தனமாரி கடிகாரத்தைப் பார்த்தாள். எஸ்தரைப் படிக்கச் சொன்னாள். இரண்டு தடவை கேட்டாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "எதிரியோட கைக்கெட்டுற தூரத்துல இருந்து ஒருத்தர் விலகிப் போனா, போறவர் முதுகுல எதிரி ஓர் அடி அடிக்கலாம். அது சும்மா கிடைக்கிற அடி. எண் எடுக்க வேண்டியதில்ல." ஸ்கேலால் தட்டினாள்.

கொட்டகை வாசலில் கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சிரித்துப் பேசிவிட்டுத் திரும்பிய மேஸ்திரியின் முதுகில் பளாரென்று ஒன்று விழுந்தது. அடித்த கை தெரியவில்லை. கணக்கப்பிள்ளை இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏன், எப்படி என்றெல்லாம் ஊர் கேட்கவில்லை. மழை ஏன் வரவில்லை என்று கேட்டுக் கேட்டே சலித்துப்போன ஊர் அது. யார் யாரை விட்டுப் போனபோது யாருக்கு விழுந்தது என்பதுதான் பேச்சாக இருந்தது. ஏனென்றால் அடி எல்லாருக்கும் விழவில்லை, ஆகாதவர்களுக்கு நடுவில்தான் விழுந்தது. அப்படியானால் யாருக்கு யார் ஆகாது என்பது அன்றைக்குச் சாயந்தரத்துக்குள் ஊருக்கே தெரிந்துபோயிற்று. இருபது வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தம்ளரைப் பங்கு போட்டு டீ குடித்த சிநேகிதர்களில் ஒருத்தர் எழுந்து நாலு எட்டு வைத்ததும் குப்புற விழுந்தார். கட்சிக் கூட்டம் முடிந்து ஒன்றியச் செயலாளர் மேடையை விட்டு இறங்கியபோது விழுந்த அடிகளை எண்ணக்கூட முடியவில்லை. சம்பந்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாசல் தாண்டிய அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக முதுகைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள். ஆனால் நாள் முழுக்க ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொண்டு கிடந்த தெற்குத் தெருப் பூக்காரிகள் இருவரும் கடையைக் கட்டிவிட்டு ஆளுக்கொரு திசையில் போனபோது ஒன்றுமே விழவில்லை. அதைப் பார்த்துவிட்டு ரெண்டு பேரும் வெட்கப்பட்டார்கள்.

ஒரு மாதத்துக்குள் ஊர் பழகிக்கொண்டது. அடியின் கனம் அடிக்கிறவரின் கனம் என்று கண்டுபிடித்தார்கள். இல்லாதப்பட்டவனின் பகை கொசு கடித்த மாதிரி, இருக்கப்பட்டவனின் பகை எலும்பு வரை. பெண்கள் எவர்சில்வர் தட்டை முந்தானைக்குள் முதுகுப் பக்கம் செருகிக்கொண்டு விசேஷத்துக்குப் போனார்கள். தையல்காரர் பஞ்சு வைத்து ரவிக்கை தைத்தார், அதற்குத் தனிக் கூலி வாங்கினார். பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் வாத்தியார்களைத்தான் வரிசையாக வெளியே விட்டார்கள். கல்யாணப் பத்திரிகைகளில், விருந்துண்டு அடிபடாமல் திரும்ப வேண்டுகிறோம் என்று ஒரு வரி கூடுதலாக அச்சானது, அதையும் சந்தனமாரிதான் மடித்து அடுக்கினாள்.

இதில் அச்சகத்து முதலாளிக்கு என்ன கிடைத்தது என்பது ஆவணியில் தெரிந்தது.

தங்கப்பழம் முதலாளி சத்தம் போட்டுப் பேசியதை யாரும் கேட்டதில்லை. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையத் தாயி, ராசா. நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சொல்வார். மிஷினில் வேலை பார்த்த ஒருத்தன் திருப்பூரில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, அண்ணாச்சி போயிட்டு வாரேன் என்று கும்பிட்டுவிட்டு நடுப்பகலில் கிளம்பினான். முதலாளி தன் அறைக்குள் டீ உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தார், எழுந்திருக்கக்கூட இல்லை. நூறடி தள்ளி, கேட் வாசலில் அவன் முதுகில் விழுந்தது. மூன்று விலா போயிற்று. முதலாளியின் கை காம்பவுண்டுச் சுவர் வரை எட்டும் என்பதும், குடும்பம் எப்படிப்பட்ட குடும்பம் என்பதும் ஒரே சமயத்தில் எல்லாருக்கும் தெரிந்தது.

சாயந்தரம் எல்லாரும் அடிபடாமல்தானே வீட்டுக்குப் போகிறார்கள் என்று யோசித்தார்கள். சங்கு ஊதினால் முதலாளியே அனுப்பிவைக்கிறார், அது விலகுவது ஆகாது. சங்கு ஊதாமல் போனாலும் அடி, இனி வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டு சங்குக்குப் போனாலும் அடி. முதலாளியும் இதை யோசித்தார், அவர்களைவிடச் சீக்கிரமாகவே யோசித்தார். ஆறு மணிச் சங்கு ஏழுக்கு ஊதியது. புரட்டாசியில் எட்டுக்கு ஊதியது. காலண்டர் சீசன் தொடங்கிய ஐப்பசியில் மதியச் சங்கு ஊதவே இல்லை. சோற்றை நின்றுகொண்டே தின்றார்கள், விளையாட்டு நின்றுபோனது. "கொஞ்ச நாள் பொறுத்துக்கிடுங்க தாயி" என்றார் முதலாளி. வேறு வேலைக்குப் போகவும் வழியில்லை, போனால் விலா இல்லை.

ஜெயக்கொடிக்கு அப்போது ஏழாம் மாதம். ராஜபாளையத்தில் அவள் அம்மா வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டாள். அழைத்துப்போகக் கார்த்திகையில் ஆள் வந்தது. முதலாளி அவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். தை பிறக்கட்டும், நானே காரில் அனுப்பிவைக்கிறேன் என்றார். தையில் குழந்தையே பிறந்துவிடும் என்று சொன்னதற்கு, அதனாலென்ன, இங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று சிரித்தார். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பும்போது அவர்களுக்கும் முதுகில் விழுந்தது.

அன்றைக்கு ஜெயக்கொடி தாள் அடுக்குகிற மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுதாள். நாள் முழுக்க நின்று நின்று அவள் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. சந்தனமாரி பக்கத்தில் குந்தினாள்.

"யக்கா, நான் மட்டும்னா அடி வாங்கிட்டுப் போயிருவேன். ஆனா இது..." என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஏன்க்கா அன்னைக்கு அப்படித் தீர்ப்புச் சொன்ன?"

சந்தனமாரிக்குச் சுருக்கென்றது. நாலு மாதமாக ஊரே அவளிடம் இதைக் கேட்டிருக்கிறது. புத்தகத்தில் இருந்தது, வாசித்தேன் என்று சொல்லித் தப்பித்திருக்கிறாள். ஜெயக்கொடியிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. புத்தகத்தை எடுத்து வந்து, எஸ்தரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை முதலிலிருந்து படி என்றாள். எஸ்தர் படித்துக்கொண்டே போய் நூற்று அறுபதாம் பக்கத்தைத் திருப்பியதும் மறுபடி அதே பூதம் வந்தது, அதே வரி வந்தது.

"இந்தப் பகுதி ரெண்டு தடவ வருதே" என்றாள் எஸ்தர். "முக்கியம்னு ரெண்டு தடவ போட்டிருக்கான்னுல்ல நெனச்சேன்."

சந்தனமாரி பக்க எண்ணைப் பார்த்தாள். நூற்று அறுபதுக்கு அடுத்து நூற்று நாற்பத்தைந்து. பதினாறு பக்கம் ஒரு பாரம். மடித்த பாரங்களை மேசை நீளத்துக்கு வரிசையாகக் குவித்து, குவியலுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே நடந்தால் புத்தகம் சேரும். பதினெட்டு வருஷமாக அவள் செய்கிற வேலை அது. ஊரான் புத்தகம் ஆயிரம் ஆயிரமாகப் பிசகில்லாமல் அடுக்கியவள், தங்கள் புத்தகத்துக்குப் பத்தாம் பாரத்தை இரண்டு தடவை எடுத்துவிட்டு, பதினோராம் பாரத்தை விட்டுவிட்டாள். அடி விழும் என்கிற விதி பத்தில் முடிகிறது. எப்போதெல்லாம் விழாது என்பது பதினொன்றில் இருந்திருக்கிறது. அவள் பாதிச் சட்டத்தை வாசித்துவிட்டு ஸ்கேலால் தட்டியிருக்கிறாள்.

மிச்சக் கழிவு முழுவதையும் சேவுக் கடைக்காரர்கள் எடைக்கு வாங்கிக்கொண்டு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கம்ப்யூட்டரில் இருந்ததை ஒப்பந்தப்படி அழித்துவிட்டார்கள். முதலாளியிடமும் ஒரு பிரதி கிடையாது; அச்சடிக்கிற புத்தகத்தை வாசிக்கிற பழக்கம் அவர் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. எனவே குருவம்மாள் ஊருக்குள் வாயைத் திறந்தாள். ரெட்டைக்கோடு பூதம் போட்ட தாளில் யார் வீட்டிலாவது சேவு கட்டி வந்திருந்தால், எவ்வளவு அழுக்கானாலும் சரி, கொண்டுவந்து கொடுங்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னாள். ஊர் கொண்டுவந்து கொட்டியது. அலமாரித் தட்டில் விரித்திருந்தது, பானைக்கு மூடி கட்டியிருந்தது, ஜன்னல் ஓட்டையை அடைத்திருந்தது, பிள்ளையின் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டிருந்தது. காராச்சேவு வாசம், சீனிச்சேவு வாசம், நெய் வாசம். ஐந்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பூதத்தின் கால் விரலையும் கோட்டைக் கதவையும் பொருத்திப் பொருத்தி, சந்தனமாரி அந்தப் பாரத்தைச் சேர்த்தாள்.

எஸ்தர் படித்தாள். எதிரியின் முகத்தைப் பார்த்தபடி, வேறு எதையும் செய்யாமல், பின்பக்கமாக அடியெடுத்து வைத்து விலகினால் அடி விழாது. ஆனால் கை நீளமான பெரும்பூதங்களிடம் இது செல்லாது. சந்தனமாரி அந்த இடத்திலேயே தட்டினாள். அன்று முதல் செவல்குளத்தில் சம்பந்தி வீட்டிலிருந்து எல்லாரும் பின்பக்கமாகவே நடந்து வந்தார்கள். சாக்கடையில் விழுந்தவர்கள் உண்டு, அடிபட்டவர்கள் இல்லை. அதற்கு அடுத்த விதி இப்படித் தொடங்கியது: அடித்துவிட்ட எதிரி, இந்தச் சும்மா கிடைக்கிற அடியை இன்னொரு தடவை அடிக்க வேண்டுமானால், அதற்கு முன்னால்... அத்தோடு எண்ணெய். ஒரு கை அகலத்துக்கு எழுத்து கரைந்து, பின்பக்கத்துப் பூதத்தின் பல் தெரிந்தது.

இந்தச் சேதி முதலாளிக்குப் போக ஒரு பகல் போதுமாக இருந்தது. எஸ்தரையும் சந்தனமாரியையும் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார்.

"எஸ்தர் தாயி, கதைய நடத்துறது நீதான? இங்கிலீஷ் படிச்சதும் நீதான? அந்த எண்ணெய் பட்ட இடத்துல என்ன இருக்கும்னு நீ சொன்னா, ஊரு ஒத்துக்கிடும்." மேசைக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். "அடுத்த ஆள் விலகுனாப் போதும், மறுபடியும் அடிக்கலாம்னு இருக்கும். அப்படித்தான் இருக்கும், இல்லையா? மாடியில ஏசி ரூம் காலியா கிடக்கு. கலர் பாக்குறதுக்கு வெளிச்சம் நல்லாருக்கும்."

எஸ்தருக்கு இரண்டு தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். சந்தனமாரிக்கு அது தெரியும். அவள் எஸ்தரின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பயமாக இருந்தது.

"நான் கதை மட்டுந்தான் நடத்துவேன், அண்ணாச்சி" என்றாள் எஸ்தர். "தெரியாத எடத்துல தீர்ப்புச் சொல்றது இவ. நான் சொன்னா செல்லாது. செல்லும்னாலும் சொல்ல மாட்டேன்."

முதலாளி சந்தனமாரியைப் பார்த்தார். "அப்ப நீ சொல்லு தாயி. யோசிச்சுச் சொல்லு. ஒரு தடவ தட்டிட்டா திருப்ப முடியாதாமே. போன தடவ நீ தட்டினது எனக்கு நல்லதாத்தான் முடிஞ்சுது."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவளுக்குக் கொதித்தது. தன் வாயால் வந்த வினை என்று அவள் ராத்திரி பகலாக மனசுக்குள் அறுத்துக்கொண்டு கிடந்ததை, இந்த மனுஷன் தனக்குக் கிடைத்த தீபாவளிப் பரிசு மாதிரிச் சொல்கிறார்.

"சொல்றேன் அண்ணாச்சி. இங்க இல்ல. கொட்டகையில வச்சு, எல்லாருக்கும் முன்னால சொல்றேன்."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, கொட்டகையில் நாற்பத்து மூன்று பெண்களும் அடுத்த வருஷத்துத் தினக்காலண்டரை அடுக்கிக்கொண்டிருந்தபோது, சந்தனமாரி மிஷினை நிறுத்தச் சொன்னாள். எண்ணெய்த் தாளை உயர்த்திப் பிடித்தாள்.

"இந்த எடத்துல புத்தகம் பேசல. அதனால நான் பேசுறேன். ஒரு தடவ அடிச்சவன், சுத்துல எல்லாரோட முறையும் முடிஞ்சு தன் முறை திரும்பி வாரவரைக்கும் மறுபடி அடிக்கக் கூடாது. கை எவ்வளவு நீளமானாலும் சரி, ஒரு சுத்துக்கு அடி ஒண்ணுதான்." மேசையில் ஸ்கேலை ஓங்கித் தட்டினாள். தாள்கள் அதிர்ந்தன.



"அப்படின்னா?" என்றாள் ஜெயக்கொடி.

"அப்படின்னா, ஒருத்தி போனா ஒருத்திக்கு அடி. எல்லாரும் போனாலும் ஒருத்திக்குத்தான் அடி. ஆனா விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒருத்தி பின்னால ஒருத்தி, நடுவுல எடவெளி விடாம. எங்கயாவது ஒருத்தி நின்னு அவருக்குப் பதில் சொல்லிட்டாலும், முறை அவருக்குப் போயிரும். மறுபடி அடிப்பாரு. அதனால அவரு என்ன சொன்னாலும் கேக்காதீங்க. நடங்க."

"இது நெசமா புத்தகத்துல இருக்கா, இல்ல இருக்கணும்னு நெனச்சுச் சொல்றியா?" என்றாள் குருவம்மாள். அவள் கேட்டது கேலிக்கு இல்லை.

"தெரியாது மதினி" என்றாள் சந்தனமாரி. "நடந்தாத்தான் தெரியும். மொத ஆளு நான்."

"அப்ப ரெண்டாவது நான். நீ வாசிச்சது தப்புன்னா என் முதுகுல தெரியட்டும். இந்தப் புள்ள மூணாவது வரட்டும்." குருவம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. அந்த ஆளு பேசப் பேச நான் வாய மூடிட்டு நடக்கணுமா? இதுக்கு அடியே தேவலாம்."

பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் வரிசை கட்டினார்கள். யாரும் தட்டைச் செருகிக்கொள்ளவில்லை, யாரும் பின்பக்கமாக நடக்கத் திரும்பவில்லை. எஸ்தர் கடைசியில் நின்றாள், தயங்கி நிற்கிறவர்களைத் தள்ளிக்கொண்டு வருவதற்கு.

கொட்டகையிலிருந்து கேட்டுக்கு நூற்று இருபது அடி. சந்தனமாரி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி வாயைப் பிளந்து பார்த்தார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது, முதலாளி வராந்தாவுக்கு வந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் பயம் வரும், பயம் வந்தால் கால் நிற்கும். நான் சொன்னது தப்பாக இருந்தால் இந்தப் பிள்ளையின் வயிற்றுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று ஒரு தடவை நினைத்தாள். பிறகு அதையும் நினைக்காமல் நடந்தாள்.

"தாயி, என்ன இது? நில்லுங்க. ஒக்காந்து பேசுவோம்" என்றார் முதலாளி. எப்போதும்போல மெதுவாகத்தான் சொன்னார்.

கேட்டின் இரும்புத் தண்டவாளத்தைத் தாண்டி அவள் வலது கால் வெளியே போனது. இடது காலைத் தூக்கினாள். அப்போது விழுந்தது. இடது தோளில், கழுத்தோடு சேர்த்து, காம்பவுண்டுச் சுவரே பெயர்ந்து வந்து விழுந்தது மாதிரி. எலும்பு ஒடிந்த சத்தம் அவள் காதுக்குள்ளேயே கேட்டது. ரோட்டில் முகம் படக் கிடந்தாள்; வாயில் புழுதியும் ரத்தமும் உப்பாக இருந்தது.

ஒரு செருப்பு அவள் தலைக்குப் பக்கத்தில் வந்து, தாண்டிப் போனது. குருவம்மாளுடையது. ஒன்றும் விழவில்லை. குருவம்மாள் வாயைத் திறக்கவும் இல்லை, அவள் ஆயுசிலேயே முதல் தடவையாக. அடுத்து வந்த கால் வீங்கியிருந்தது. அந்தக் கால் அவளுக்குப் பக்கத்தில் தயங்கியது.

"யக்கா..."

"குனியாத" என்றாள் சந்தனமாரி, மண்ணைத் துப்பிக்கொண்டு. "நிக்காத. நட."

அந்தக் கால் நடந்தது. அதன் பின்னால் இன்னொரு கால், அதன் பின்னால் இன்னொன்று. ஒருத்தியின் செருப்பு வார் அறுந்தது, அதை அப்படியே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு போனாள். முதலாளி ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு மொய் எழுதியதைச் சொன்னார், ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்ததைச் சொன்னார், தாயி தாயி என்றார். பிறகு குரல் ஏறியது, அவர் கத்தியதை அன்றைக்குத்தான் ஊர் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. கொட்டகைக்குள் மின்விசிறிக் காற்றில் அடுத்த வருஷத்துத் தேதிகள் மேசையிலிருந்து ஒவ்வொன்றாகப் பறந்து தரையில் விழுந்துகொண்டிருந்தன. கடைசியாக எஸ்தர் வெளியே வந்தாள். அதற்குப் பிறகு முதலாளியின் முறை வந்தது. அவர் காம்பவுண்டு முழுக்கப் பார்த்தார்; உள்ளே மேஸ்திரி மட்டும் நின்றுகொண்டிருந்தார். மேஸ்திரியும் கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தனமாரியை ஷேர் ஆட்டோவில் தூக்கி உட்காரவைத்தார்கள். எதிர் சீட்டில் ஜெயக்கொடி, மூச்சு வாங்கிக்கொண்டு, வயிற்றில் இரண்டு கையையும் வைத்திருந்தாள். சந்தனமாரியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, அதே வண்டி ஜெயக்கொடியை ராஜபாளையம் பஸ்ஸுக்குக் கொண்டுபோகும். ரோட்டுப் பள்ளத்தில் ஆட்டோ குலுங்கியபோது சந்தனமாரிக்கு வலியில் கண் இருட்டியது. குருவம்மாள் தன் தோளை அவளுக்கு முட்டுக் கொடுத்தாள்.

"எத்தன பேரு வந்தாச்சு மதினி?"

"நாப்பத்தி மூணும் வந்தாச்சு."

"யாருக்காவது விழுந்துச்சா?"

"உனக்கு மட்டுந்தாண்டி."

சந்தனமாரி ரத்தப் பல்லோடு சிரித்தாள்.

"அப்ப சரியாத்தான் வாசிச்சிருக்கேன்" என்றாள்.